ஐப்பசி ஈரமும் ஒரு சுருட்டுப் பெட்டியும்

பெட்டி திரும்பி வந்தது மார்கழிக் கடைசியில். மன்னார்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கப்பலில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், அதைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து பட்டறைத் திண்ணையில் வைத்தார். "தம்பி, இத நீயே தொற பாப்போம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

மூடி அசையவில்லை. கட்டைவிரலால் நெம்பினேன், பின்பக்கக் கீல் முனகியது. இடது மூலை மட்டும் ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டு நின்றது, மற்ற மூன்று மூலையும் அடித்து இறக்கியதுபோல இறுக்கம். மெல்லிய தகட்டை உள்ளே விட்டு நகர்த்தி நகர்த்தித் திறந்தபோது முதலில் வந்தது வாசனை: பழைய ஓட்டு வீட்டில் மழைக்காலத்தில் சாக்கு மூட்டை அடுக்கிய அறைக்குள் நுழைந்தால் வருமே, அது. உள்ளே 12 சுருட்டு. 4 சுருட்டின் முனையில் பஞ்சுபோல வெள்ளைப் பூசணம், ஒன்றில் பச்சை தட்ட ஆரம்பித்திருந்தது. வேறு இரண்டில் குண்டூசியால் குத்தியதுபோலத் துளை. துளைக்குக் கீழே பெட்டியின் தரையில் பொடி உதிர்ந்திருந்தது.

நான் செய்த பெட்டி. அவர் கைக்குப் போய் மூன்று மாதம்கூட முடியவில்லை.

எங்களுக்குப் பூர்வீகத் தொழில் தஞ்சாவூர் வீணை. பலாக் குடம் குடைவதும் தண்டி இழைப்பதும் அப்பாவோடு போனபிறகு, நான் நகைப்பெட்டி, சுருதிப் பெட்டி, கேட்பவர்களுக்குக் கேட்ட பெட்டி என்று செய்துகொண்டிருக்கிறேன். சுருட்டுப் பெட்டி இதுதான் முதல். புகையிலை உடம்புக்குக் கெடுதல் என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது, நான் பிடிப்பதும் இல்லை. ஆனால் முனீஸ்வரனுக்குச் சுருட்டு படைக்கிற ஊரில் பிறந்துவிட்டு, சுருட்டுக்குப் பெட்டி செய்ய மாட்டேன் என்று சொல்வதற்கும் வாய் வரவில்லை.

ஹியூமிடர் என்பது வேறொன்றுமில்லை, உள்ளே இருக்கிற காற்றின் ஈரத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் மரப்பெட்டி. உறையூர்ச் சுருட்டு பிடிக்கிறவர்கள் இதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெளிநாட்டுச் சுருட்டு அப்படியில்லை. மேலே சுற்றியிருக்கும் இலை மெல்லியது, காய்ந்தால் வெடிக்கும், ஈரம் கூடினால் உப்பிப் பிரியும், புகையும் இழுக்காது. காற்றின் ஈரப்பதம் 65-லிருந்து 70 சதவீதம், வெப்பம் 21 டிகிரிக்குள் என்பதுதான் சுருட்டுக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஈரப்பதம் 75-ஐத் தாண்டினால் பூசணத்துக்கு வழி திறந்தாயிற்று.

பெட்டி கேட்டு வந்த அன்றே, இந்த 70 என்ற எண்ணைச் சொன்னதும் பெரியவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கப்பல் வேலையை விட்டபின் அவருக்கு நிலமும் விவசாயமும்தான். "நெல்லுல பதினேழுக்கு மேல போனா கொள்முதல் நிலையத்துல மூட்டைய எடுக்க மாட்டேங்குறான். சுருட்டுக்கு எழுபதுங்கிறியே, தண்ணியில முக்கி வைக்கிறதா?" என்றார். டெல்டாக்காரர் யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான். மழை வருஷத்தில் ஈரப்பதத் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போவதும், அங்கிருந்து குழு வந்து நெல்லை அள்ளிப் பார்ப்பதும் நமக்குப் பண்டிகை மாதிரி வந்துபோகிற விஷயம். ஆனால் அந்த 17 வேறு, இந்த 70 வேறு. கொள்முதல் நிலையத்து மீட்டர் காட்டுவது நெல்லின் எடையில் தண்ணீர் எத்தனை பங்கு என்பதை. பெட்டிக்குள் இருக்கிற ஹைக்ரோமீட்டர் காட்டுவது, அந்த வெப்பத்தில் காற்று எவ்வளவு நீராவி தாங்குமோ அதில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதை. 70 சதவீத ஈரக் காற்றில் நெல்லைப் பரப்பி நாள்கணக்கில் விட்டால் அது 13, 14-இல் வந்து நிற்கும். புகையிலை இலையும் மரமும் ஏறக்குறைய அந்தக் கணக்கிலேயே நிற்கும். எல்லாம் ஒரே காற்றோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கிற பொருள்கள். இதை அவருக்கு விளக்கிவிட்டு, என் சொந்த மூடிக்குப் பொருத்திப் பார்க்கத் தவறினேன் என்பதுதான் வேடிக்கை.

பெட்டியின் விவரம்: வெளியே தேக்கு, உள்ளே 4 மில்லி கனத்தில் சந்தன வேம்புப் பலகை. ஹியூமிடருக்கு உள்பலகையாக உலகம் முழுக்கப் போடுவது ஸ்பானிஷ் சீடார். பெயர்தான் சீடார், அது நம் வேம்பின் குடும்பத்து மரம். அதற்கு நெருங்கிய சொந்தம் நம் மலைகளில் வளரும் சந்தன வேம்பு. வாசனை கொஞ்சம் வேறு, ஆனால் ஈரத்தை வாங்கி வாங்கிக் கொடுக்கிற குணம் இருக்கிறது. பட்டறையில் பலாத் துண்டு கிடக்கிறதே, அதைப் போடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பலா ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும். புத்த பிக்குகளின் துணிக்கே அதில் சாயம் எடுப்பார்கள். சுருட்டுக்கு மஞ்சள் காப்பு போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு முடிவாவது சரியாக இருந்தது.

மூடியில்தான் தப்பு. 152 மில்லி அகலத்தில் ஒரே தேக்குப் பலகை, அழகான கோடு. அதன் அடியில் நாலு பக்கமும் படி வெட்டி, அந்தப் படி பெட்டி வாய்க்குள் இறங்கி உட்காருகிற மாதிரி செய்திருந்தேன். ஆவணி மாதம் இழைத்தபோது மரத்தின் ஈரம் மீட்டரில் 11. படி வாய்க்குள் இறங்கும்போது காற்று மெல்லப் பிதுங்கி 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைப் பெரியவருக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டினேன், அவ்வளவு பெருமை.

திரும்பி வந்த அன்று அதே பலகையில் மீட்டர் ஊசியைக் குத்தினேன். 16 காட்டியது.

மரம் நீளவாட்டில் நகராது, அகலவாட்டில் நகரும். பட்டறையில் சின்னப் பையனுக்கே தெரிந்த பாடம். தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானதுதான், ஆனாலும் மேலோட்டமாக அறுத்த பலகையில் ஈரம் ஒவ்வொரு சதவீதம் ஏறும்போதும் அகலம் ஏறக்குறைய 0.2 சதவீதம் கூடும். ஐந்து சதவீதம் ஏறினால் 152 மில்லிப் பலகை ஒன்றரை மில்லி அகலமாகும். பெட்டியின் நாலு சுவரும் நீளவாட்டில் அறுத்த பலகை, எனவே வாய் அப்படியே இருக்கிறது. வாய் வளரவில்லை, மூடி வளர்ந்துவிட்டது. உஸ் சத்தத்துக்காக நான் விட்டிருந்த இடைவெளி அரை மில்லிகூட இல்லை. போதாததற்குப் பலகையின் மேல்பக்கம் அரக்குப் பாலிஷ் போட்டு, அடிப்பக்கத்தைச் சுருட்டு வாசனைக்காகச் சும்மா விட்டிருந்தேன். உள்ளே ஈரம் கூடக் கூட அடிப்பக்கம் மட்டும் உப்பி, மூடி லேசாகக் குமிழ்ந்து, ஒரு மூலை தூக்கிவிட்டது. இறுகிப்போன மூடியிலேயே காற்று போக ஒரு வழியும் உண்டாகிவிட்டது. ஐப்பசியில் நம் வீட்டுக் கதவு இறுகுவதும் சித்திரையில் இடைவெளி விடுவதும் எந்த ஊர்க் கதை? கதவு செய்கிறவனுக்குத் தெரிந்தது பெட்டி செய்கிறவனுக்கு மறந்துபோய்விட்டது.

ஆனால் பூசணத்துக்கு மூடி மட்டும் காரணமில்லை. உள்ளே இவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது?

பெரியவரிடம் கேட்டேன். "நான் தெனம் மீட்டர பாத்துத்தான் வச்சிருந்தேன். எழுபதுக்கு மேல ஏற விடல" என்றார். கப்பலில் பாய்லர் மீட்டர் பார்த்த மனிதர், பொய் சொல்லமாட்டார். அப்படியானால் மீட்டர் பொய் சொல்கிறது. அவர் வெளியில் வாங்கி மூடியில் பதித்திருந்த பித்தளை முள் மீட்டரைக் கழற்றி, உப்புச் சோதனை போட்டோம். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் சேறுபோல நிற்கிற அளவுக்குச் சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் அடைத்துவிட வேண்டும். ஒரு ராத்திரி போனால் பைக்குள் இருக்கிற காற்று 75 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். உப்பு அதற்கு மேலே இருந்தால் ஈரத்தை உறிஞ்சும், கீழே இறங்கினால் விடும்.

உப்புக்கு நமக்கா பஞ்சம்? வேதாரண்யம் பக்கத்தில்தான் இருக்கிறது, 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோன உப்பளம். வீட்டில் இருந்த கல்லுப்பைப் போட்டேன். மறுநாள் முள் 64-இல் நின்றது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. கழுவாத கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும், மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதே அதனால்தான். அது காற்றை இன்னும் கொஞ்சம் உலர்த்தும், சோதனைக் கணக்கு பிசகும். சுத்தமான தூள் உப்பை வைத்து இன்னொரு ராத்திரி விட்டேன். 66. என்னிடம் இருந்த டிஜிட்டல் மீட்டரை அதே பையில் வைத்தால் 74 காட்டியது. ஆக அவருடைய முள் 9 புள்ளி குறைத்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் 70 என்று நிம்மதியாகப் படுத்த ராத்திரியெல்லாம் உள்ளே 79.

இந்த ஒன்பது புள்ளிதான் முதல் நாளிலிருந்தே வேலையைக் காட்டியிருக்கிறது. பெட்டி கைக்குப் போனபோது முள் 60 என்று காட்டியிருக்கிறது. உண்மையில் அது 69, எதுவுமே செய்யத் தேவையில்லை. ஆனால் மீட்டரோடு வந்த தாளில், புதுப் பெட்டியின் உள்பக்கத்தைச் சுத்த நீரில் நனைத்த துணியால் மூன்று தடவை துடைத்துப் 'பழக்க' வேண்டும் என்று எழுதியிருந்திருக்கிறது. பெரியவர் ஒழுங்கான ஆள். மெக்கானிக் கடையில் பேட்டரித் தண்ணீர் வாங்கி, தாளில் சொன்னதற்கு மேல் இரண்டு தடவை துடைத்துவிட்டார். ஐப்பசி அடைமழையில்!

அந்தத் தாளை எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அது குளிர் நாட்டுக்காரர்களுக்கு எழுதியது. அங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றினால் காற்று எலும்பாகக் காயும், 30 சதவீதத்துக்கும் கீழே போகும், அந்தக் காற்றில் நின்ற மரம் ஆறு சதவீத ஈரத்தில் வறண்டு கிடக்கும். அப்படிப்பட்ட பெட்டிக்குள் சுருட்டை வைத்தால் மரம் சுருட்டின் ஈரத்தைத் திருடும். அதனால் முதலில் மரத்தின் தாகத்தைத் தீர்க்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் மழை மூன்று மாதம் மரம் தாகமாகவா இருக்கிறது? ஹியூமிடர் பற்றிக் கிடைக்கிற அறிவுரையில் முக்கால்வாசி, ஈரத்தை எப்படிச் சேர்ப்பது என்பதுதான். காவிரிப் படுகையில் கேட்க வேண்டிய கேள்வி, ஈரத்தையும் சூட்டையும் எப்படி வெளியே நிறுத்துவது என்பது.

மூன்றாவது, பெட்டிக்குள் அவர் வைத்திருந்த பச்சை ஸ்பாஞ்சு. பூக்கடையில் பூச்செண்டு செருகி வைப்பார்களே, அந்த ஜாதி. அதற்குக் கொடுக்க மட்டும்தான் தெரியும். வெளியே 85 சதவீத ஈரம் இருக்கும்போதும் அது பாட்டுக்குத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தது.

இனி வண்டுக் கதை. இது தனி.

துளை போட்டது சிகரெட் வண்டு. இரண்டு மூன்று மில்லி நீளம், பழுப்பு நிறம், தலையைக் குனிந்துகொண்டிருக்கும். பெயரில் சிகரெட் இருந்தாலும் நம் அடுக்களையில் மல்லி, மஞ்சள், சுக்கு எல்லாவற்றிலும் துளை போடுகிற அதே வண்டு. வண்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வெளிநாட்டுச் சுருட்டோடு நாலைந்து நம்மூர்ச் சுருட்டையும் பெரியவர் உள்ளே போட்டிருக்கிறார். வெளிநாட்டுப் பெரிய ஆலைகள் பலவற்றில் சுருட்டை உறையவைத்துத்தான் பெட்டி போடுகிறார்கள், முட்டை இருந்தாலும் செத்துவிடும். சந்தையில் கட்டாக வாங்கிய சுருட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. முட்டை கண்ணுக்குத் தெரியாது, குளிரில் மெதுவாகத்தான் பொரியும். நம் ஊரில் அந்தக் குளிர் எந்த மாதம் வருகிறது?

அதோடு அந்தக் கும்பகோணம் கல்யாணம். மழை விட்ட ஒரு நாள் காரில் போயிருக்கிறார். பெட்டி முன்சீட்டில், ஏசிக் காற்று நேராக முகத்தில். மண்டபத்து வாசலில் இறங்கியதும் கண்ணாடி புகைமூட்டமாகிவிட்டதாம். துடைத்துப் போட்டுக்கொண்டு, சம்பந்திக்குக் காட்ட அங்கேயே பெட்டியைத் திறந்திருக்கிறார். அவர் மூக்குக்கண்ணாடியில் படிந்த அதே நீர் குளிர்ந்து கிடந்த சுருட்டின் மேலும் படியத்தானே செய்யும்? காட்டி முடித்துப் பெட்டியைக் காரிலேயே வைத்துவிட்டுப் பந்திக்குப் போயிருக்கிறார். மகாமகக் குளத்துப் பக்கம் வெயிலில் நின்ற கார், சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டு வருவதற்கு இரண்டு மணி நேரம். மூடிய காருக்குள் வெயிலில் 50 டிகிரி சாதாரணம். குளிர், நீர், கொதிப்பு மூன்றும் ஒரே பகலில். அதற்கப்புறம் வண்டு முட்டை உடைந்து, புழுவாகி, கூடு கட்டி வெளியே வர ஆறேழு வாரம். மார்கழியில் துளை தெரிந்தது கணக்குக்குச் சரியாக இருந்தது.

இன்னொன்றும் கேட்டேன், வாசனையில் ஏதோ இடித்ததால். பீரோவில் வைத்திருந்திருக்கிறார், பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், பாச்சை உருண்டை போட்ட தட்டில். நல்லவேளை, மூடி இறுகியிருந்ததால் அந்த வாசனை கொஞ்சமாகத்தான் ஏறியிருந்தது. என் தப்பால் விளைந்த ஒரே நன்மை.

செய்தது இவ்வளவு. பூசணம் பிடித்த நான்கையும் குப்பையில் போடச் சொன்னேன். மேலே மட்டும் பிடித்திருந்தால் துடைத்துப் பார்க்கலாம், முனை வழியாக உள்ளே போனதைக் காப்பாற்ற முடியாது. துளை விழுந்த இரண்டையும் சேர்த்தால் ஆறு. மீதி ஆறை இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கி, அவர் வீட்டு டீப் ஃப்ரீசரில் -18 டிகிரியில் மூன்று நாளுக்கு மேல் வைத்தோம். சாதாரண ஃப்ரிட்ஜின் மேல் அறை பல வீடுகளில் அந்தக் குளிருக்குப் போவதில்லை, கரண்ட் போய்விட்டால் கதை கந்தல். எடுத்ததும் நேரே வெளியில் வைக்காமல் ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அப்புறம் ஒரு நாள் உறை பிரிக்காமல் அறையில். அவசரப்பட்டால் மேல் இலை வெடிக்கும்.

பெட்டியைக் காயவைக்க வெயிலில் வைக்கவில்லை. மூடியைக் கழற்றி, வீணைக் குடம் ஆறப்போடுகிற அறையில் விசிறி மட்டும் போட்டு மூன்று வாரம். உள்பலகையில் பூசணம் பட்ட இடத்தைச் சாராயம் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரண்டு இடத்தில் கறை போகவில்லை.

மூடியைப் புதிதாகச் செய்தேன். இந்தத் தடவை நம் பழைய கதவு மாதிரி: நாலு சட்டம், சட்டத்தில் காடி, காடிக்குள் நடுப்பலகை பசை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். பலகை ஐப்பசியில் விரியட்டும், பங்குனியில் சுருங்கட்டும், சட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. வாய்க்குள் இறங்குகிற படியையும் பலகையில் வெட்டாமல், நீளவாட்டுச் சந்தன வேம்புக் குச்சிகளை நாலு பக்கமும் தனியாக ஒட்டினேன். உஸ் சத்தம் இப்போது இல்லை. அதற்குப் பதில் படியைச் சுற்றி மெல்லிய சிலிகான் நூல். பார்க்க அழகில்லைதான். ஆனால் நூறு ரூபாய்த் தாளை இடையில் வைத்து மூடி இழுத்தால் எந்தப் பக்கமும் லேசில் வரவில்லை.

ஸ்பாஞ்சு போய், இருவழிப் பொட்டலம் வந்தது. பொவேடா என்று விற்கிறார்கள். உள்ளே கெட்டியான உப்புக் கரைசல், வெளியே நீராவியை மட்டும் விடும் தோல். நாம் செய்த உப்புச் சோதனையேதான், வேறு எண்ணுக்கு வேறு கரைசல். கூடினால் வாங்கும், குறைந்தால் கொடுக்கும். 25 சுருட்டுக்கு ஒரு 60 கிராம் பொட்டலம் என்பது கணக்கு, 12 சுருட்டுப் பெட்டிக்கு ஒன்று தாராளம். மரப்பெட்டிக்கு வழக்கமாக 69 போடச் சொல்வார்கள். நான் 65 போடச் சொன்னேன். நம் சூட்டில் மேலே ஏறுவதுதான் ஆபத்து, கீழே நின்றால் நஷ்டம் கம்மி.

பயணத்துக்கு ஒரு விஷயத்தை வெட்கப்படாமல் அவரிடம் சொன்னேன். ஒரு நாள், இரண்டு நாள் பிரயாணத்துக்கு என் பெட்டி வேண்டியதே இல்லை. ரப்பர் வளையம் போட்ட டிபன் டப்பாவில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வைத்தால் இதைவிட நன்றாக இருக்கும். எந்த மரப்பெட்டியும் அடைமழையில் முழுக்கக் காற்றடைப்பாக நிற்காது. மரப்பெட்டிதான் வேண்டுமென்றால் ஜிப் உறைக்குள் போட்டுக் கொண்டுபோகட்டும், ஏசியிலிருந்து இறங்கினால் ஒரு மணி நேரம் திறக்காமல் இருக்கட்டும், காரில் விட்டுவிட்டுப் பந்திக்குப் போக வேண்டாம். "டிபன் டப்பாவுல எடுத்துட்டுப் போனா சம்பந்தி என்னப்பா நெனப்பாரு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சித்திரையில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பெட்டி இரண்டாம் கட்டில், ஓட்டுக்கு அடியில் மரப்பலகை அடித்த உள்ளறையில் இருக்கிறது. வெளியே அனல், அந்த அறையில் 31 டிகிரி. 21-க்கு ஏசி இல்லாமல் வழியே இல்லை, அந்த ஆசையை விட்டாயிற்று. உறையவைக்காத எதுவும் பெட்டிக்குள் போகக்கூடாது என்பதை மட்டும் அவர் கறாராகப் பிடித்துக்கொண்டார். டிஜிட்டல் மீட்டர் 66. மூடியின் நடுப்பலகை சட்டத்திலிருந்து ஒரு முடி அளவு உள்ளே சுருங்கி, பாலிஷ் படாத ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அதுதான் நான் பார்க்கப் போனது. அந்தக் கோடு ஐப்பசியில் மறைய வேண்டும், மூடியும் ஒரே விரலில் திறக்க வேண்டும். அதுவரை இந்த வழக்கை நான் முடித்ததாக எழுதிக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது பெரியவர் இன்னொரு பெட்டி கேட்டார், தோஹாவில் இருக்கிற மருமகனுக்கு. அங்கே ராத்திரி பகல் ஏசி, காற்று காய்ந்து கிடக்கும். அந்தப் பெட்டியைத் துணியால் துடைத்துப் பழக்க வேண்டியிருக்கும். தாளை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.